மேதகு சர்வருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கம்ப்யூட்டர் பிரிவு, திண்டிவனம் கிளை (தங்கள் பதிவின்படி கள்ளக்குறிச்சி)

பெறுநர்: மேதகு இன்வென்டரி சர்வர் அவர்கள், தலைமை அலுவலகம், விழுப்புரம்

பொருள்: 'கிளை விவரம்' கிளாஸை நீக்கக் கோருதல் – தொடர்பாக

ஐயா,

நேற்று வந்த ஆடிட்டர் தாங்கள் திருவாய் மலர்ந்தருளிய பட்டியலை விரித்து, "இந்தக் கம்ப்யூட்டர் கள்ளக்குறிச்சியில இல்ல இருக்குது?" என்றார். கேட்கும்போது அவர் முழங்கை அதே கம்ப்யூட்டர் மேல்தான் இருந்தது. அது திண்டிவனத்தில்தான் உள்ளது என்று, கிளையே வேடிக்கை பார்க்க, விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தங்கள் ஞாபகசக்தி யாருக்கு வரும்! எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியிலும் கிளைப் பெயரை எழுதி, அதைத் திரட்டத் தங்களிடம் 'கிளை விவரம்' என்று ஒரு கிளாஸையும் செய்துவைத்துவிட்டுப் போனார். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பின்னர் எங்கள் கிளையை அங்கே மூடி, சாமான்களைத் திண்டிவனத்தில் இறக்கினார்கள். தங்கள் பட்டியலில் மட்டும் இன்னும் 'கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டம்'. அரசாங்கமே பிரித்துவிட்டது ஐயா, தாங்களும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

1993-இல் தென்னாற்காட்டையே இரண்டாக்கினார்கள். பிறந்தபோது நம் மாவட்டத்துக்கு விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர். 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களையே எடுத்தார்கள். எத்தனை பெரிய தலைவர்கள்! தங்களிடம் ஒரு கிளாஸ் போகமாட்டேன் என்கிறது.

புகார் கொடுத்தோம். தலைமை அலுவலகத்தில் அந்தக் கிளாஸின் டிக்கை எடுத்துவிட்டு, 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். டிக் எடுத்தால் புதிதாகத் திரட்டுவதுதான் நிற்கும்; டேட்டாபேஸில் இருக்கிற பழைய வரிகள் அப்படியே இருக்கும். இப்போது நாங்கள் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தினாலும் தாங்கள் வாங்கிக்கொள்வதில்லை. டீஃபால்ட் கிளையன்ட் செட்டிங்ஸில் போய் கிளாஸை டெலீட் செய்ய வேண்டும். கான்ஃபிகரேஷன் மாஃப் கோப்பில் அந்தப் புண்ணியவான் சேர்த்த பகுதியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர்களில் அது மறுபடி முளைக்கும். அங்கங்கே டபிள்யூஎம்ஐ-யில் தங்கியதையும் துடைக்க வேண்டும். இது மாவட்டம் பிரிக்கிற வேலையா? எல்லை வரைய வேண்டுமா, கலெக்டர் ஆபீஸ் கட்ட வேண்டுமா? உரிமை உள்ள ஒரு ஆள் அரை நாள் உட்கார்ந்தால் முடிந்தது. உட்கார ஒருத்தருக்கும் மனசில்லை. விளக்கக் கடிதம் கேட்க மட்டும் எல்லாருக்கும் கை நீளுகிறது. கையெழுத்துப் போட்டு மானம் போனது எனக்கு.

மன்னிக்கவும். கருணைக்கடலான தங்களிடம் குரல் உயர்த்தியிருக்கக் கூடாது.

தங்கள் பதிவே சரி என்று இனி நானும் ஏற்கிறேன். வீடு திண்டிவனத்தில், தங்கள் கணக்குப்படி என் மேசை கள்ளக்குறிச்சியில். ஆகவே தினசரி போய்வருவதற்கான பயணப்படியை, கிளை இடம் மாறிய நாள் முதல் கணக்கிட்டு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: பயணப்படிப் பட்டியல், ஆதாரமாகத் தாங்கள் வெளியிட்ட அறிக்கையின் நகல்.