போதிதர்மருக்கு எத்தனை டான்?

போதிதர்மர் சீனாவுக்குக் கிளம்பியபோது கையில் சர்டிபிகேட் எதுவும் இல்லை. இடுப்பில் இருந்தது வெறும் காவியா, கறுப்பு பெல்ட்டா என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. அவரைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ஸி என்பவர் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. அதில் மனிதர் ஒரு பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். தனக்கு வயது 150 என்கிறார். எத்தனையோ தேசம் சுற்றியும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று கைகூப்புகிறார். அவ்வளவுதான். ஒரு குத்து கிடையாது, ஒரு உதை கிடையாது. போதாக்குறைக்கு அவரைப் பாரசீகத்துக்காரர் என்று வேறு எழுதிவைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். ‘தென்னிந்திய ராஜா ஒருவரின் மூன்றாவது மகன்’ என்று நம் மானத்தைக் காப்பாற்றியவர் தான்லின் என்கிற இன்னொருவர். அந்த ராஜா பல்லவர், ஊர் காஞ்சிபுரம் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் பூர்த்தி செய்துகொண்ட படிவம்.

ஆயிரத்துச் சொச்சம் வருடம் அவர் பாட்டுக்குச் சும்மா இருந்தார். 1624-ல் ‘யிஜின் ஜிங்’ என்று ஓர் உடற்பயிற்சி நூல் வந்தது. ஆசிரியர் போதிதர்மர் என்றது முன்னுரை. அந்த முன்னுரையை எழுதியவர் பழைய தாங் வம்சத்துத் தளபதி என்றும் போட்டிருந்தது. முன்னுரை போலி என்று பிற்பாடு அறிஞர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். யார் கேட்டார்கள்? 1900-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தொடர்கதை, ஷாவோலின் சண்டைக்கலையே அவர் கற்றுக்கொடுத்ததுதான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனது. தொடர்கதையில் வந்துவிட்டால் அது சரித்திரம். இந்த விஷயத்தில் சீனர்களைக் குறை சொல்ல, கல்கி படித்து வளர்ந்த நமக்கு யோக்கியதை கிடையாது.

அப்புறம் 2011 தீபாவளி. ‘7ஆம் அறிவு’ வெளியானது. சூர்யாவின் உடம்போடு குங்ஃபூ, நோக்கு வர்மம், தொற்றுநோய் மருத்துவம் எல்லாம் சேர்ந்து வந்தன. பல துறைகளில் உச்சிப் பட்டம் வாங்கியவர்களில் போதிதர்மருக்கு நிகர் கிடையாது. அத்தனையும் செத்த பிறகு வாங்கியது.

உயிரோடு இருக்கும்போதே பட்டம் கொடுக்க வழி கண்டுபிடித்தவர் ஜிகோரோ கானோ. 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலுக்குள் பன்னிரண்டு பாய் விரித்து ஜூடோ பள்ளி தொடங்கினார். அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தவர், பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதுவரை ஜப்பானில் குருநாதர்கள் சுருளில் எழுதிக் கொடுப்பார்கள். அதை வாங்கப் பல வருடம் பாத்திரம் தேய்க்க வேண்டும். கானோ ‘கோ’ என்கிற பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க வைத்திருந்த டான் வரிசையை எடுத்து ஜூடோவுக்கு மாட்டினார். 1883-ல் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான். சில வருடத்தில் கறுப்பு பெல்ட். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்கிற கலர் வரிசையெல்லாம் 1930-களில் பாரிஸில் கவாய்ஷி என்பவர் பரப்பியது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொறுமை கம்மி. ஆறு மாதத்துக்கு ஒரு கலர் மாறினால்தான் சந்தா கட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்கெல்லாம் டான் கொடுத்த கானோவுக்கு டான் கிடையாது. கண்டக்டர் டிக்கெட் எடுப்பதில்லை.

அடுத்தவர் கிச்சின் ஃபுனகோஷி. ஒகினாவாத் தீவின் பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பது வயதுக்கு மேல், 1922-ல், டோக்கியோவுக்கு வந்து கராத்தே செய்து காட்டினார். கானோ தன் பள்ளிக்கே கூப்பிட்டுப் பார்த்தார். வந்த இடத்தில் வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் டானும் வாத்தியாருக்குப் பிடித்துப்போயின. 1924 ஏப்ரலில் ஏழு பேருக்குக் கறுப்பு பெல்ட் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கு அவருக்கும் டான் இல்லை! கராத்தேயில் டான் என்று ஒன்று அன்றைக்குத்தானே பிறந்தது. இவர் கடைசிவரை ஐந்தாம் டானுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை. ஐந்து போதும் என்று நினைத்தார், பாவம்.

கியோட்டோவில் 1895-லிருந்து பூட்டோகுகாய் என்று ஒரு பெரிய சங்கம் இருந்தது. யாருக்கு எந்தப் பட்டம் என்று மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டது. உலகப் போரில் ஜப்பான் தோற்றதும் 1946-ல் அமெரிக்கர்கள் அதைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊரில் கட்சி உடையும்போது பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு சங்கம். சங்கத்துக்கொரு தலைவர். தலைவர் எட்டாம் டானாக இருந்தால் எதிர் சங்கத் தலைவர் ஒன்பது. ஒன்பதைப் பார்த்து இவர் பத்து. இன்னொருவர் இரண்டு கலைகளைக் கலந்து மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினால், ஸ்தாபகர் என்பதால் நேராகப் பத்து. இப்படி நாலு ஸ்தாபகர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் மரியாதைப் பட்டம் மாற்றிக்கொண்டால், சாயங்காலத்துக்குள் ஆளுக்கு நாலு கலையில் உச்சி.

எல்லோரையும் ஒரே கூடையில் போடக்கூடாது. மினோரு மோச்சிஸூகி என்று ஒருவர் இருந்தார். கானோவிடம் ஜூடோ படித்தார். கானோவே 1930-ல் அவரை ஐகிடோவின் உயெஷிபாவிடம் போய்க் கற்றுவா என்று அனுப்பினார். ஃபுனகோஷியிடம் கராத்தேயும் படித்தார். ஐகிடோவில் பத்தாம் டான். ஜூடோவிலும் வாளை உருவி வெட்டும் இயாய்டோவிலும் எட்டு. நம்பலாமா? நம்பலாம். 1907-ல் பிறந்து 2003-ல் போனவர். அத்தனைக்கும் நேரம் இருந்தது. யாரிடம் எந்த வருடம் படித்தார் என்று கேட்டால், பெயர் சொல்ல அந்த மூன்று பேர் இருந்தார்கள். அவர் கராத்தேயிலும் கெண்டோவிலும் ஐந்தாம் டானோடு நின்றுகொண்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் இருக்கும் பெரிய நம்பிக்கை. பொய் சொல்கிறவர் ஐந்தில் நிறுத்த மாட்டார்.

அமெரிக்காவுக்குச் சரக்கு போனதும் விளம்பரம் சேர்ந்தது. சிகாகோவில் ஜான் கீஹன் என்று ஒருவர். கராத்தே உண்மையாகவே தெரியும், நல்ல குருவிடம் படித்தவர். சிகையலங்காரத் தொழிலும் செய்தார். 1960-களில் திடீரென்று தான் ஸ்பெயின் பிரபு வம்சம் என்று சொல்லி ‘கவுண்ட் டான்டே’ என்று பெயரை மாற்றிக்கொண்டார். சிங்கக்குட்டியைச் சங்கிலியில் கட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போனார். காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கத்தில், உயிரோடு இருப்பவர்களிலேயே ஆபத்தான மனிதர் நானே என்று விளம்பரம் போட்டு ரகசியப் பிடிகளைத் தபாலில் விற்றார். 1970-ல் எதிர்ப் பள்ளிக்குள் ஆளோடு புகுந்து ரகளை செய்ததில் கூடப்போன நண்பர் செத்தே போனார். அதை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. 1975-ல் முப்பத்தாறு வயதில் டான்டேயும் போய்ச் சேர்ந்தார். வயிற்றுப்புண்.

மெட்ராஸுக்கு வருவோம். இங்கே டான் எண்ணெல்லாம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கலையே இனிஷியலாகிவிட்டது. ‘முரட்டுக்காளை’யில் ரயில்மேல் சண்டை போடவைத்தவர் ஜூடோ ரத்னம். பிறகு கராத்தே மணி, கராத்தே ஹுசைனி, துணை மேயராகவே வந்துவிட்ட கராத்தே தியாகராஜன். அப்பா பெயருக்கு முன்னால் அடிதடி வந்து உட்கார்ந்துகொண்ட ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள்: ஆளுக்கு ஒன்றுதான். ‘ஜூடோ கராத்தே குங்ஃபூ ரத்னம்’ என்று யாரும் போட்டுக்கொள்ளவில்லை. போஸ்டரில் இடம் இருந்திருக்காது.

பல கலைகளில் உச்சியைத் தொட்டவர் என்றால் அது எங்கள் ஆழ்வார்பேட்டைக்காரர் கமல்ஹாசன்தான். எல்டாம்ஸ் ரோடு வீட்டைக் காட்டாத ஆட்டோக்காரர் இந்தப் பக்கம் கிடையாது. 1982-லேயே ‘சகலகலா வல்லவன்’ என்று படத்தின் பெயரிலேயே பட்டம். 1992-ல் ‘தேவர் மக’னில் சிலம்பம். 1996-ல் ‘இந்திய’னில் இரண்டு விரலை மடக்கி வர்மம், அதற்கு ராஜேந்திரன் என்கிற நிஜ ஆசான் சொல்லிக்கொடுத்தார். 2008-ல் ‘தசாவதார’த்தில் பத்து வேடம், அதில் ஒன்று ஷிங்கென் நரஹாஷி என்கிற ஜப்பானியச் சண்டைக்கலை நிபுணர். நடுவில், 2004-ல், எம்.பி.பி.எஸ். படிக்காமலே டாக்டர் என்று போர்டு மாட்டும் வசூல்ராஜாவாகவும் வந்து, சர்டிபிகேட் என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுத்தார். எல்லாம் மேக்கப் என்று டைட்டிலிலேயே ஒப்புக்கொண்டு செய்த வேலை. ஆகவே நேர்மையான வேலை.

நேர்மைக்கு இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால் 1907-க்குப் போகவேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விக்டோரியா ஹால். கோட்டாற்றிலிருந்து வந்த செய்குத்தம்பிப் பாவலர் மேடையில் உட்கார்கிறார். நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வாங்கிச் செய்துகாட்டும் சதாவதானம். அவதானம் என்றால் முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும், நடுநடுவே அடிக்கும் மணியை எண்ண வேண்டும், யாரோ குசும்பாகக் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும், கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். எதிரே பண்டிதர்கள். தமிழ்ப் பண்டிதர் ஒருவரை இன்னொரு பண்டிதர் சும்மா விட்டதாகச் சரித்திரமே இல்லை. அத்தனை பேரையும் தாண்டித்தான் ‘சதாவதானி’ பெயருக்கு முன்னால் ஏறியது. கப்பலில் வந்த பட்டமில்லை, கண்ணெதிரே நடந்த பரீட்சை.

சிலம்பக் கூடத்திலும் அப்படித்தான் இருந்தது. சலாம் வரிசை போட்டுவிட்டுக் கம்பைத் தூக்கினால் மூன்றாவது சுற்றில் தெரிந்துவிடும், வந்தவர் வாத்தியாரா, வாத்தியாருக்குத் தெரிந்தவரா என்று. இப்போது சில சங்கங்களில் சிலம்பத்துக்கும் பெல்ட் வந்துவிட்டது. கம்பு சுற்றும்போது பெல்ட் அவிழாமல் இருந்தால் சரி.

பெரிய மனிதர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. புதினுக்கு ஜூடோ நிஜமாகவே வரும். சின்ன வயதிலிருந்து செய்தவர். 2012-ல் சர்வதேச ஜூடோ சம்மேளனம் எட்டாம் டான் கொடுத்தது. 2013-ல் சியோலுக்குப் போனவருக்கு டேக்வாண்டோவில் கௌரவ ஒன்பதாம் டான். அங்கே அவர் காலைத் தூக்கிக் காட்டியதாகச் சேதி இல்லை. 2022-ல் உக்ரைனுக்குள் படை போனதும் டேக்வாண்டோக்காரர்கள் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், 2021 நவம்பரில், டிரம்ப் வீட்டுக்கே போய் குக்கிவோன் தலைவர் ஒன்பதாம் டான் கொடுத்துவிட்டு வந்திருந்தார். டிரம்ப் வெள்ளை உடுப்பைக் கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு முஷ்டியை மடக்கினார்.

குக்கிவோன் என்பது சியோலில் 1972-லிருந்து இருக்கும் டேக்வாண்டோ தலைமையகம். சாதாரண ஜனங்களுக்கு அது வைத்திருக்கும் விதி வேறு. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், மூன்றாவதுக்கு இரண்டு, அப்படியே ஏறி எட்டாவதிலிருந்து ஒன்பதாவதுக்கு ஒன்பது வருடம். எல்லாம் கூட்டினால் 38. பதினைந்து வயதில் முதல் டான் வாங்கியவர் ஒரு வருடமும் வீணாக்காமல் போனால் 53 வயதில் ஒன்பது.

இதைச் சொல்லக் காரணம், ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ். வெள்ளை உடுப்பில் மாஸ்டர் கைகட்டி நிற்கிறார். பெல்ட்டில் இருக்கும் தங்கக் கோடுகளில் பெல்ட் தெரியவில்லை. கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ, கிக்பாக்ஸிங், சிலம்பம், ஐந்திலும் கிராண்ட் மாஸ்டர், ஒன்பதாம் டான். கீழே சின்ன எழுத்தில் ‘யோகா, அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங்’. குக்கிவோன் கணக்கில் ஐந்து முப்பத்தெட்டு 190, அதோடு ஒரு பதினைந்து, ஆக 205 வயது. மாஸ்டர் மன்றோ துரை கவர்னராக இருந்த காலத்தில் பிறந்திருக்க வேண்டும். போதிதர்மரே வந்தாலும் மூன்று கலைக்குத்தான் வயது பத்தும். ‘இந்தியன் 2’ சேனாபதி தாத்தாவுக்கு இரண்டு.

ஆள் நல்லவர். அதையும் சொல்லவேண்டும். பிள்ளைகளைக் கை நீட்டி அடிப்பதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வியர்க்கவிடுகிறார். ஸ்கூட்டரில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு அதுவே பத்தாம் டான் வேலை. பெல்ட் டெஸ்ட் அன்றைக்கு மட்டும் கூட்டத்தில் நின்று அவரிடம் பேச்சுக்கொடுத்தேன்.

“மாஸ்டர், ஒன்பதாம் டான் உங்களுக்கு யார் கொடுத்தாங்க?”

“எங்க கிராண்ட் மாஸ்டர் சார். அவர் பத்து.”

“அவருக்கு?”

மஞ்சள் பெல்ட் பையன் ஒருவனுக்கு முடிச்சைச் சரிசெய்துகொண்டே, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்:

“அவருக்கு நாங்கல்லாம் சேர்ந்து கொடுத்தோம் சார்.”