ஒரு டன் புகையின் விலை

பெறுநர்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன்.

பொருள்: கரியமில வாயுவின் சமூகச் செலவு – விலைத் திருத்தங்களுக்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலப்பதால் பயிருக்கும் உடல்நலத்துக்கும் கடலோரச் சொத்துகளுக்கும் இனி நேரப்போகும் இழப்பை இன்றைய டாலரில் சொல்லும் தொகையே அதன் சமூகச் செலவு. கார்களின் எரிபொருள் விதி, அனல்மின் நிலையங்களின் புகை வரம்பு போன்றவற்றால் நாட்டுக்கு லாபமா நட்டமா என்று பார்க்க இத்தொகை உதவுகிறது. இவ்வகைக் கணக்குக்கு மாதிரி அமைத்த வில்லியம் நார்தவுஸ் 2018-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பல்லாண்டு பாடுபட்ட கணக்கை முகமை ஒரே தேர்தலில் முடித்துவிடுவது போற்றத்தக்கது.

ஒபாமா ஆட்சியில், 2010-இல், டன்னுக்கு ஏறத்தாழ 21 டாலர். முதல் டிரம்ப் ஆட்சியில் 1 முதல் 7 டாலர். பைடன் வந்ததும், 2021-இல், 51. 2023 இறுதியில் முகமையே அதை 190 ஆக்கியது. டிரம்ப் மீண்டும் வந்த 2025 ஜனவரி 20 அன்றே பிறந்த ஆணையோ இந்தக் கணக்கையே கைவிடுவது பற்றிப் பரிசீலிக்கச் சொன்னது. இத்தனைக்கும் நடுவில் வாயுவின் குணம் மாறியதாகத் தகவல் இல்லை. அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டன் வெளியிடுகிறது. 190 டாலர் வீதம் சேதம் 95,000 கோடி டாலர். 1 டாலர் வீதம் வெறும் 500 கோடி. ஒரு புகைபோக்கியைக்கூட மூடாமல் மிச்சம் பிடிக்கப்பட்ட தொகை 94,500 கோடி டாலர்.

இதன் தொழில்நுட்பம் எளிது. முதலாவது, தள்ளுபடி வீதம். நூறு ஆண்டு கழித்து நேரும் 100 டாலர் இழப்பு, 2 சதவீத வீதத்தில் இன்று சுமார் 14 டாலர் பெறும். 7 சதவீதத்தில் 12 சென்ட்தான். ஆடி மாத ஜவுளிக்கடைகளே கூச்சப்படும் கழிவு இது. அந்த 100 டாலரை இழக்கப்போகிறவர் இன்னும் பிறக்காததால் ஆட்சேபம் எதுவும் வந்து சேரவில்லை.

இரண்டாவது, எல்லைக்கோடு. முதல் டிரம்ப் ஆட்சியின் கணக்கில் அமெரிக்க மண்ணில் விழும் சேதம் மட்டுமே முதன்மையாக எண்ணப்பட்டது. புகைக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பது நிர்வாகக் குறைபாடே. 1990 முதல் 2014 வரை அமெரிக்கப் புகையால் பிற நாடுகள் இழந்தது 1.9 லட்சம் கோடி டாலருக்கு மேல் என்று டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் கணித்தனர். அதில் பெரும்பங்கு வெப்ப நாடுகளின் தலையில் விழுந்தது. அந்நாடுகளுக்கு அமெரிக்கத் தேர்தலில் வாக்கு இல்லை. ஆகவே அத்தொகையைச் சேர்ப்பது விதிகளுக்குப் புறம்பானது.

முகமை கவனிக்க வேண்டிய இடையூறுகள் இரண்டு. எரிபொருள் விதி ஒன்றில் கரியமில வாயுக் குறைப்புக்கு மதிப்பே தராமல் விட்ட அரசிடம், அந்த மதிப்பு நிச்சயமாகச் சுழியம் அல்ல என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இலேயே சொல்லிவிட்டது. அடுத்தது காப்பீட்டுத் துறை. காட்டுத்தீ ஆபத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023-இல் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கணக்குப் போடும் பழக்கம் அத்துறைக்கு இன்னும் வரவில்லை. உரிய அறிவுரை வழங்கக் கோரப்படுகிறது.

இணைப்பு: கரியமில வாயு, 1 டன். விலை எழுதும் இடம் காலியாக விடப்பட்டுள்ளது, பென்சிலால் நிரப்பவும்.