நிக்டியில் உழவு: ஒரு 16 ஆம்பியர் கையேடு

ரிட்டயர் ஆனவர்களைப் பிடிக்கும் வியாதிகளில் முதலாவது மூட்டு வலி, இரண்டாவது விவசாயம். புனேயை ஒட்டிய நிக்டி பிராதிகரணில் இரண்டாவதுதான் அதிகம். டெல்கோவிலோ பஜாஜிலோ 30 வருஷம் எந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், வீட்டுக் கொல்லையில் 10 அடிக்கு 12 அடி வெற்று மண்ணைப் பார்த்ததும் தஞ்சாவூரில் தாத்தா வைத்திருந்த நஞ்சையை நினைத்துக்கொள்வார். அந்த நஞ்சையை விற்றுத்தான் தன்னை டிப்ளமா படிக்க வைத்தார்கள் என்பது மட்டும் நினைவுக்கு வராது. அடுத்த வாரமே வாசலில் ஒரு மின்சார டில்லர் வந்து இறங்கும். 1500 வாட், 13 கிலோ. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர் ஒற்றைக் கையால் அதைத் தள்ளிக்கொண்டு சிரிப்பார். அவர் தள்ளுகிற மண் வேறு, நம் மண் வேறு. பெட்டிக்குள் இருக்கும் கையேட்டில் இது எழுதியிருக்காது. ஆகவே இந்தக் கையேடு.

மண்ணிலிருந்து தொடங்குவோம். உங்கள் கொல்லைக்கு அடியில் இருப்பது தக்காணப் பாறை. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்த பசால்ட். அது உதிர்ந்தால் முரம், மேலும் சிதைந்தால் கரிசல். கரிசலுக்குள் மான்ட்மொரில்லோனைட் என்றொரு களிமண் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஏப்ரலில் கடப்பாரையைப் போட்டால் கடப்பாரை தெறிக்கும். ஜூலையில் இறங்கினால் செருப்பை அது வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். கோவில்பட்டிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு வந்தது.

இது இயற்கை கொடுத்தது. இதற்கு மேல் மனிதன் கொடுத்தது ஓர் அடுக்கு. 1972-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நவநகர் வளர்ச்சிப் பிராதிகரண் அமைந்து, செக்டர் செக்டராக மனை பிரித்து வீடுகள் எழும்பின. வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியை லாரி வைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று நம்புகிறவர் தோட்டம் போடலாம். வேறு எதையும் வாங்க விற்க அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. காரை, ஓட்டுத் துண்டு, இறுகிப்போன சிமென்ட் மூட்டை, கட்டுக்கம்பி எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. ஆகவே உங்கள் டில்லர் மோதப்போகிற கல்லுக்கு வயது ஒன்று 6.6 கோடி, இல்லையென்றால் ஐம்பத்துச் சொச்சம். நடுவாந்திரமாக எதுவும் கிடையாது.

இனி நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் உதவாது, ஞாயிற்றுக்கிழமை லீவும் உதவாது. இந்த ஊர் விவசாயிகள் 'வாஃப்சா' வந்ததா என்று கேட்பார்கள். நம் ஊரில் பதம் என்போமே, அதேதான். நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். பிடித்த பிடி கலையாமல் தரையில் அப்பிக்கொண்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். பிடிக்கவே வராமல் கல்லாகக் கிடந்தால் தண்ணீர் விட்டு ஊற வைத்து, அதற்கப்புறம் பொறுக்க வேண்டும். ஆக, மூன்றில் இரண்டு விடை பொறுக்க வேண்டும் என்பதுதான். டில்லரை வாங்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது சாமானியக் காரியமில்லை. அந்த நாட்களில் அதைக் கூடத்தில் வைக்காதீர்கள்; வருகிறவர்கள் எல்லாரும் "எப்ப ஓட்டப் போறீங்க மாமா?" என்று கேட்பார்கள்.

பொறுக்காமல் ஈரத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பிளேடு மண்ணை வெட்டாது, மெழுகும். மெழுகின கட்டி வெயிலில் காய்ந்தபின் சம்மட்டிக்குத்தான் அடங்கும். ஆகவே துகாராம் பால்கி என்கிற பல்லக்கு யாத்திரை தேஹுவிலிருந்து கிளம்பி பக்தி-சக்தி சவுக்கைத் தாண்டி ஆகுர்டியில் தங்கும் மழைக் காலத்தில் எந்திரத்தைத் தொடவே தொடாதீர்கள். யாத்திரை போகிற வாரகரிகளுக்குத் தண்ணீர் கொடுங்கள், டீ கொடுங்கள். புண்ணியம் கிடைக்கும், பிளேடும் பிழைக்கும். நல்ல வேளை என்று பார்த்தால் வருஷத்துக்கு இரண்டு: மே மாதத்தில் இடி மின்னலோடு வந்து போகிற வளிவ மழைக்கு மூன்று நாலு நாள் கழித்து, அப்புறம் பருவமழை ஓய்ந்த அக்டோபரில், வெந்தயக் கீரையும் பாலக்கும் விதைப்பதற்கு முன். அந்த நல்ல வேளை வியாழக்கிழமையில் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மகாவிதரண்காரர்கள் பராமரிப்பு வேலைக்கென்று மின்சாரத்தை நிறுத்துவது அநேகமாக அன்றைக்குத்தான்.

பதம் வந்துவிட்டது, மின்சாரமும் இருக்கிறது. உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மராட்டி ஆஜி (பாட்டிதான்) காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அரே, ஆதி தகட் காட்!" என்பார். முதலில் கல்லை எடு என்று அர்த்தம். இந்தக் கையேட்டின் சாரமே அதுதான் என்பதால் மேற்கொண்டு படிக்காமல் ஆஜி சொன்னதைச் செய்தாலும் பாதகமில்லை. கடப்பாரையால் ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒரு குத்து. நங் என்றால் கல், கர் என்றால் முரம், சத்தமே இல்லையென்றால் சாக்கு. இந்தக் கடைசிதான் மோசம். கல்லில் பட்டால் எந்திரம் குதிக்கும், உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மக்காத பிளாஸ்டிக் சாக்கு குதிக்காது. நூல் நூலாகப் பிரிந்து பிளேடுக்கும் அச்சுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே போகும். மோட்டார் முனகும். கருகல் வாடை வரும்போதுதான் குனிந்து பார்ப்பீர்கள். அப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடியும் சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய காய்கறிக் கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுக்க வேண்டும். உழவு 20 நிமிஷம் என்றால் இந்த அறுவடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் பாண்டில் போட்டு முடிக்கும்போது ஓர் உண்மை உறைக்கும்: கடப்பாரையாலேயே பாதி உழுதாகிவிட்டது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். டில்லருக்குக் கொடுத்த பணம் இன்னும் கிரெடிட் கார்டில் இருக்கிறது.

அடுத்தது கரண்ட். இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. வராந்தாவில் டேபிள் ஃபேனுக்கு இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்குப் போதாது. 16 ஆம்பியர் பாயின்ட் எங்கே இருக்கிறது? கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும். ஆகவே நிக்டியில் உழவு குளியலறையிலிருந்துதான் புறப்படும். எக்ஸ்டென்ஷன் வயர் குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகமென்றால் 2.5. தீபாவளி சீரியல் விளக்குக்கு வாங்கின வயரை நீட்டாதீர்கள். வயர் உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே இழுத்தால் உள்ளே சூடேறி உருகும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டில்லர் வேண்டாம், மண்வெட்டி போதும். மண்வெட்டி ஷாக் அடித்து யாரும் செத்ததில்லை.

உடை. தாத்தா கோவணத்தோடு உழுதார், வாஸ்தவம். அவருடைய மாடு நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுற்றவில்லை. லுங்கி, வேட்டி, துப்பட்டா எதுவும் கூடாது. எட்டு முழத்தை இரண்டு நொடியில் சுருட்டிவிடும். அதற்கப்புறம் நடப்பதை செக்டர் முழுவதும் பால்கனியில் நின்று பார்க்கும். பேன்ட், ஷூ, கண்ணாடி. வயர் தோளுக்கு மேல் வந்து பின்னால் விழ வேண்டும். பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் தொடங்கி விலகிப் போகவும். அப்போதுதான் வயர் எப்போதும் உழுத மண்ணின் மேல் கிடக்கும்.

இப்போது சுவிட்ச். எந்திரம் முன்னால் பாய்ந்து ஓடப் பார்க்கும். பிளேடு முன்பக்கமாகச் சுழல்வதால் அதற்குத் தெரிந்த ஒரே திசை அதுதான். நீங்கள் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் கீழே இறங்கும். அட்டைப்பெட்டிக்காரர் தள்ளினாரே என்றால், அவர் போட்டோவுக்குத் தள்ளினார். பிளேடு நேராக இல்லாமல் எல் வடிவில் வளைந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1912-ல் தன் தகப்பனாரின் பண்ணையில் சுழல் உழவைச் சோதித்தபோது மண் பக்கவாட்டில் சிதறியடித்தது. பிளேடை வளைத்துத்தான் அதை அடக்கினார். நிக்டிக் கரிசல் அப்படியும் கொஞ்சம் சிதறும். துணி காய்கிற கொடியை முன்கூட்டியே காலி செய்துவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

முதல் ஓட்டம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்தது குறுக்கே, ஐந்தாறு அங்குலம். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று ஊர்ப் பழமொழியை எடுத்துவிடாதீர்கள். 13 கிலோ எந்திரத்தை ஓர் அடி ஆழத்துக்கு அனுப்பினால் அது திரும்பி வராது. மூன்றாவது ஓட்டம் என்று ஒன்று உண்டு. சத்தம் பிடித்துப்போய், மண் பவுடராகிற அழகில் மயங்கி ஓட்டுவது. அதைத் தவிருங்கள். பவுடராக்கின மண் முதல் மழைக்கே மேலே ஏடு கட்டிக்கொள்ளும், முளை வெளியே வர முடியாது. எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள் அங்கங்கே கிடக்கட்டும். இன்னொன்று, வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் ஓட்டினால் பிளேடு எட்டுகிற மட்டத்துக்குக் கீழே மண் இறுகித் தளம் போட்டுவிடும். வேர் அங்கே போய் முட்டி நிற்கும்.

எரு பற்றி. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவர் 1037-வது குறளில் சொல்கிறார். அதைப் படித்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். 1038-லேயே உழுவதைவிட எரு போடுவது நல்லது என்கிறார். அவருக்கே இரண்டு மனது. நான் 1038 கட்சி. 120 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கனத்தில் மக்கின எரு பரப்ப 20 கன அடி வேண்டும். சிமென்ட் மூட்டைக் கணக்கில் 16 மூட்டை. நர்சரியில் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து பூஜை மாதிரித் தூவுவதை மண் கண்டுகொள்ளாது. மணல் கலந்தால் இளகும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் இன்னும் கெட்டிப்படும்.

இனித் தண்ணீர். பவனா அணைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நிலையம் நிக்டி செக்டர் 23-லேயே இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்; 2019 நவம்பரில் மாநகராட்சி கொண்டுவந்த ஒருநாள் விட்டு ஒருநாள் முறை அந்தப் பெருமைக்கெல்லாம் அசையாது. ஆகவே மூடாக்கு. இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் தமிழ்நாடு முழுக்க நடந்து நடந்து சொன்னது. இங்கே மகாராஷ்டிரத்தில் ஸ்ரீபாத் தாபோல்கர் காய்ந்த இலையையும் கரும்புச் சக்கையையும் கொண்டு மொட்டை மாடியிலேயே மண் உண்டாக்கலாம் என்று காட்டினார். பிராதிகரண் மரங்கள் உதிர்க்கிற இலைகளை வாசலில் கொளுத்தாமல் மூட்டை மூட்டையாகக் கொல்லைக்குக் கொண்டுவந்து அரை அடிக்குப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், மண்புழு வரும். மூன்று பருவம் இப்படிப் போனால் கையால் கிளறினாலே மண் விட்டுக்கொடுக்கும். டில்லருக்கு வேலை இருக்காது.

அப்போது அதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். தசராவுக்குச் சாமந்தி மாலை போட்டுக் குங்குமம் வைக்கலாம். இந்த ஊரில் மாட்டுக்குப் போளா என்று ஒரு திருநாளே இருக்கிறது, எந்திரத்துக்கும் ஏதாவது செய்யத்தான் வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷம் ரிட்டயர் ஆன எதிர்வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கலாம். கொடுக்கும்போது பிளேடுகளைப் பிடித்திருக்கும் காட்டர் பின்களை அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டிக் கொடுங்கள். நாலு போனால் மூன்றுதான் திரும்பி வரும். நாலாவது மண்ணுக்குள் இருக்கும். அவர் கொல்லை மண்ணுக்குள்.