கட்டார் போனும் அரிப்புக் கடலும்

கே: மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது ஆகப் புதிய ஐபோன் கொண்டுவரவா என்று கேட்கிறான். அவ்வளவு காசு தகுமா? (கொண்டச்சி)

ப: காசு மச்சானுடையது என்றால் தாராளமாகத் தகும். உங்களுடையது என்றால், இரண்டு வருடம் முந்திய மாடலையும் கையில் எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் ஓடும். கமராவில் வித்தியாசம் உண்டு, அதுவும் இரவில் படம் எடுத்தால்தான் தெரியும். வாரன்டி எழுதிய கடை தோஹாவில், போன் பழுதாகப் போவது கொண்டச்சியில். இங்கேயே கடையில் வாங்குவதானால், காசு கொடுக்க முன் ஐ.எம்.ஈ.ஐ. என்று தட்டி, இடைவெளி விட்டு, பெட்டியிலுள்ள 15 இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். நீங்கள் தட்டத் தொடங்கியதுமே கடைக்காரரின் முகம் பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

கே: போனில் ஐ.பி. 68 என்று போட்டிருக்கிறது. கடலுக்குக் கொண்டு போகலாமா? (அரிப்பு)

ப: கொண்டு போகலாம், விழுத்தாமல் கொண்டு வந்தால். அந்த 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. தண்ணீர் என்றால் ஆய்வுகூடத்தில் அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீர். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்பதைக் கம்பனியே தீர்மானிக்கும். அரிப்புக் கடலை அந்தச் சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் உப்புத்தண்ணீர் நின்றால், அடுத்தமுறை கரன்ட் பாயும்போது உள்ளே அரித்துவிடும். தண்ணீர் புகுந்த பழுது வாரன்டியில் சேராது என்று ஆப்பிள் கம்பனியே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்தில் நீந்தும் போன், வாரன்டித் தாளில் கரையை விட்டு இறங்காது.

விழுந்துவிட்டால் அணைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயும்வரை சார்ஜ் போடாமல் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், துகள் உள்ளே போகும். 2024இல் ஆப்பிளும் அதைத்தான் சொன்னது.

கடலுக்கென்றே செலவழிப்பதானால் பொத்தான் வைத்த கையடக்க ஜி.பி.எஸ். வாங்குங்கள். கடலடிப் பாரைக் குறித்து வைக்கப் போனும் போதும், சிக்னல் இல்லாவிட்டாலும் இடம் காட்டும். ஆனால் வலை இழுத்த ஈர விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியாது.

கே: தங்கமுலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. வயரில் படம் தெளிவாக வருமாமே?

ப: அதில் போவது ஒன்றும் பூச்சியமும். தங்கத்தில் போனாலும் பூச்சியம் பூச்சியம்தான்.

கே: போனுக்கு ஏன் இந்தக் கொள்ளை விலை? (சிலாவத்துறை)

ப: 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதத்தில் 360. 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 சதவீத வற் வரி. மிச்சம் விளம்பரத்தில் சிரிக்கும் நடிகருக்கு.

கே: விலைகூடின போனை வாங்கினால் பிறகு நல்ல விலைக்கு விற்கலாம்தானே? (முள்ளிக்குளம்)

ப: முசலியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? இந்தக் கடலில் முத்துச் சலாபம் குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். 1905இல் எட்டுக் கோடிச் சிப்பி கரையேறியது. அதைப் பார்த்த லண்டன் கம்பனி ஒன்று 1906இல் 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பல வருடம் பாரில் சிப்பியைக் காணோம். பிறகு யப்பான்காரர் வளர்த்தெடுத்த முத்து சந்தையை நிரப்பியது. 1917இல் நியூயோர்க்கில் கார்ட்டியே நகைக்கடைக்காரர் பத்து இலட்சம் டொலர் மதிப்புள்ள முத்துமாலையையும் 100 டொலரையும் கொடுத்து ஒரு மாளிகையை வாங்கினார். அந்த மாலை 1957இல் ஏலத்தில் ஒன்றரை இலட்சத்துச் சொச்சத்துக்குத்தான் போனது. முத்துக்கே அந்தக் கதி. உங்கள் போனில் பற்றரி வேறு இருக்கிறது.

கே: அப்போ எதற்குத்தான் காசைக் கொட்டுவது?

ப: குளிர்சாதனப் பெட்டிக்கு. வீட்டில் 24 மணி நேரமும் வேலை செய்யும் ஒரே ஆள் அது. இன்வேர்ட்டர் மோட்டார் நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்து ஓடும், பில்லும் குறையும். மன்னார் ரவுணில் அதைத் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

கே: மாப்பிள்ளை வீட்டார் 65 அங்குல 4கே ரீவிதான் வேண்டும் என்கிறார்கள். (மறிச்சுக்கட்டி)

ப: பத்தடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் 4கேக்கும் சாதாரண எச்.டி.க்கும் வித்தியாசம் பிடிபடாது. மாப்பிள்ளை வீட்டு விறாந்தை எத்தனை அடி என்று ஒருவரை அனுப்பி அளந்து வாருங்கள். போகிறவர், அந்த வீட்டில் இதுவரை கரன்ட் பில் கட்டியது யார் என்றும் கேட்டு வரட்டும்.