ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்த பரிசுகளில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு. என் மனைவியின் அலுவலகத் தோழி ஒருத்திதான் வித்தியாசமாக ஓர் ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கி வந்தார். வெள்ளைப் பீங்கான், வளைந்த தண்டு, ஒன்பது ஊதாப் பூக்கள். தண்டு சாயாமல் இருக்கக் குச்சி கட்டி, அதில் குழந்தைகள் தலையில் மாட்டுவது போல ஒரு கிளிப். விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்: 1,200 ரூபாய்.

“மூணு மாசம் பூ வாடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என் அம்மாவைத் தெரியாது.

அம்மா தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு பிடி மண் இல்லை. வெறும் மரப்பட்டைத் துண்டுகள். “பாவம், நல்லா ஏமாத்திட்டான் கடைக்காரன்” என்று செம்மண் கொண்டுவந்து கொட்டினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சாம்பல் வேர்களையும் உள்ளே அமுக்கிப் புதைத்தாள். காலையில் ஒரு சொம்புத் தண்ணீர், சாயங்காலம் ஒரு சொம்பு. துளசிக்கே அவ்வளவு கவனிப்பு கிடையாது.

மூன்றே வாரம். பூக்கள் உதிர்ந்தன, இலையின் அடி கறுத்து அழுகியது. அப்புறம்தான் நான் படிக்க உட்கார்ந்தேன். ஃபலெனாப்சிஸ் என்ற இந்த வகை, தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேரை விட்டு வாழ்வது. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. எப்போது தண்ணீர் வேண்டும் என்று செடியே சொல்லிவிடும். நாங்கள் அந்த வாயைத்தான் மண்ணைப் போட்டு மூடியிருந்தோம்.

மே மாதம் ஊருக்குப் போனால், அப்பா தொரட்டியோடு மாமரத்தடியில் நிற்கிறார்.

“புல்லுருவி. விட்டா மரத்தையே உறிஞ்சிடும்.”

கீழே விழுந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். தடித்த வெள்ளை வேர், இரு பக்கமும் அடுக்கிய வார் போன்ற இலைகள், மஞ்சள் பழுப்பில் கட்டம் போட்ட இதழ், நடுவில் ஊதா உதடு. நல்ல வாசனை வேறு. வண்டா டெசலேட்டா! கலப்பில்லாத நாட்டு ஆர்க்கிட்.

“இது புல்லுருவி இல்லப்பா. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கிச் சாறு குடிக்கும். இது சும்மா மேல உட்கார்ந்திருக்கும். வாடகை தராது, ஆனா சுவர்ல ஆணி அடிக்காத குடித்தனக்காரன்.”

அப்பா அசையவில்லை. வண்டா மிஸ் ஜோக்கிம் என்ற பூவைச் சிங்கப்பூர் 1981இல் தேசிய மலராக அறிவித்ததைச் சொன்னேன். “அவங்க ஊர்ல மாமரம் இருக்கா?” என்றார். வேறு வழியில்லாமல் அந்த விலைச்சீட்டைச் சொன்னேன்.

தொரட்டி மெதுவாகக் கீழே இறங்கியது. அப்பா அண்ணாந்து, உதடு அசைய, கிளை கிளையாக எண்ண ஆரம்பித்தார்.

“பதினாறு இருக்குடா!” என்றவர், அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏய், இங்க வா! இந்த மரத்துல இருக்கறதை நல்லா பாத்துக்கணும்!”

அம்மா வந்தாள். கையில் சொம்பு.