பாடக்குறிப்பேட்டில் ஒரு டீசல் கார்

ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் பழைய டீசல் கார் சிக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராயகிரிக்கு வரலாம். சிவகிரிக்குப் பக்கத்தில்தான். எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரையும் கேட்க வேண்டாம். பானெட் திறந்த கார் எந்த வாசலில் நிற்கிறதோ, அதுதான். அந்தக் காருக்கு வாயை மூட வராது என்றே தெருப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன.

பெயர் வேண்டாம். இவர் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசி போகிற வழி நெடுக இந்த இனத்தைப் பார்க்கலாம். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

கார், டாடா இண்டிகா. 1998 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2018இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. 1405 சிசி டீசல் எஞ்சின். அண்ணாச்சி வேலையில் இருக்கும்போது பி.எப். லோன் போட்டு வாங்கியது. ஆயுசு முழுக்கப் பாடக்குறிப்பு எழுதிய கை ஓய்வுபெற்ற மறுநாளே சும்மா இருக்குமா? ஒரு நீளவாக்கு நோட்டு வாங்கினார். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கோடுகளைப் போட்டார்.

பாடம்: டீசல் பில்டரில் தண்ணீர் வடித்தல். நோக்கம்: தொட்டிக்குள் வேர்த்த நீர் பம்புக்கும் நாசிலுக்கும் போகாமல் தடுத்தல். துணைக்கருவிகள்: பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், டார்ச், பேரன். மதிப்பீடு: பேரன் டார்ச்சை ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

இப்படி வருஷம் முழுவதற்கும் எழுதி வைத்திருக்கிறார். சித்திரையில் கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ். ஆனி பிறப்பதற்குள் வைப்பர் ரப்பர், பிரேக் ஆயில். கார்த்திகைக் குளிருக்கு முன்னால் ஹீட்டர் பிளக். பேட்டரி முனையில் பச்சையாய்ப் பூக்கிறதே, அதைச் சுரண்டி வாசலின் தடவுவதற்கு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போடுகிற நாளும் அதுவே.

அண்ணாச்சி சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் இதில் சங்கடம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லதுதான். எஞ்சின் ஆயிலை இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்வார்கள். இவர் காரில் ஒருநாளும் கிலோமீட்டர் முந்தியதில்லை.

டைமிங் பெல்ட் பக்கம் மட்டும் பேச்சைக் கொண்டுபோகக் கூடாது. தெரியாத்தனமாகப் போன பால்காரர் அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் பத்து மணிக்குப் பால் ஊற்றினார்.

"டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாதுவே. காத்தை இருபதுல ஒரு பங்கா நெருக்குதான். நெருக்குன சூட்டுல டீசல் தானாப் பத்துது. அப்போ பிஸ்டன் எம்புட்டு மேல வரணும்? வால்வு கிட்ட வந்து மூச்சு விட்டுட்டுத் திரும்புது. ரெண்டையும் இடிச்சுக்கிடாம வச்சிருக்கது யாரு? ஒரு ரப்பர் பெல்ட்! அது அந்துச்சுன்னா வால்வு வளைஞ்சு, எஞ்சினே இறங்கிரும். ஓடலேன்னாலும் ரப்பருக்கு வயசாகுமா, ஆகாதா?"

"ஆகும் அண்ணாச்சி. பாலுக்கும் ஆகும்."

சாமான் வாங்க ராஜபாளையம் போவார். பஸ்ஸில். காரில் போகலாமே என்று கேட்டால், எந்தச் சாமான் வாங்கப் போகிறாரோ அந்தச் சாமான் இல்லாமல் காரை எப்படி எடுப்பது என்பார். இந்தத் தர்க்கத்தை உடைக்க இதுவரை ஊரில் ஆள் பிறக்கவில்லை. கடையில் பில்டரை வாங்கி, அட்டைப்பெட்டியில் ஊதி, முகர்ந்து, எழுத்தைப் படித்து, டூப்ளிகேட் இல்லை என்று உறுதியானபின் இன்னொன்றும் வாங்குவார். நின்றுபோன வண்டிக்கு நாளைக்கு யார் சாமான் தரப்போகிறார்கள்? இப்படியாக நெல் போட்டிருந்த பத்தாயத்தில் இப்போது பேன் பெல்ட் இருக்கிறது.

ஆச்சிக்கு ஒரே ஒரு ஆவலாதி. "அதுக்கு மட்டும் மாசம் தவறாம ஆயில் பாக்கியோ. சுகர் பாத்து எத்தனை மாசமாச்சு?" சுகருக்கு நோட்டில் கோடு போடவில்லை.

செய்தித்தாளில் டெல்லிச் செய்தி வந்தால் சத்தம் போட்டே படிப்பார். அங்கே பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. "நல்லவேளை, நாம இங்க இருக்கோம்" என்று காரைப் பார்த்துச் சொல்வார். இங்கே பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொள்ளலாம். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியபோது ஊரே திட்டியது, அண்ணாச்சி திட்டவில்லை. பரீட்சை என்றால் பீஸ் இருக்கத்தானே செய்யும். ஆர்டிஓ ஆபீஸுக்குத் திருநீறு பூசி, காருக்கும் பூசி, நோட்டோடு போனார். இன்ஸ்பெக்டர் நோட்டைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் எதற்கென்றால், குற்றாலத்துக்கு. ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு காரில் போய், ஐந்தருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா தின்று திரும்ப வேண்டும் என்பது நோட்டின் கடைசிப் பக்கத்துத் திட்டம். போன சாரலுக்கு எல்லாமே கூடிவந்தது. ஹீட்டர் லைட் அணைந்தது, சாவியைத் திருப்பினார், ஒரே கிராங்கில் எஞ்சின் பிடித்தது. ஆச்சி துண்டும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாயிற்று. அண்ணாச்சி மேற்கே மலையைப் பார்த்தார். மூட்டம். தென்காசி தாண்டினால் நனையும், அடியில் சேறு அடிக்கும், பார்க்கிங்கில் எவனாவது உரசுவான். எஞ்சினை அணைத்தார்.

எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். புளியங்குடி தாண்டுவதற்குள் அண்ணாச்சி முன்னால் போய் நின்றுகொண்டார்.

"தம்பி, கிளட்ச் பேரிங்ல சத்தம் கேக்கு. இப்பவே பாத்துட்டா செலவு கம்மி."

"வண்டி ஞானம் இம்புட்டு இருக்கே அண்ணாச்சி, சொந்தக் கார் இல்லையா?"

"இருக்கு. நல்ல கண்டிஷன்ல இருக்கு. அதைப் போய் ரோட்ல எடுக்கவா?"