ஆசிரியர் குழுவில் ஓர் இடம்

கேள்வி: கல்வியியல் ஆய்விதழொன்றின் ஆசிரியர் குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. ஊதியமில்லை; பெயர் மட்டும் அச்சாகுமாம். ஒப்புக்கொள்ளலாமா?
– ஒரு பேராசிரியை, உத்தமபாளையம்

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள் அம்மா, ஆனால் அவர்கள் கேட்பது உங்கள் பெயரை மட்டுமா, பேனாவையும் சேர்த்தா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தரக்குறைவு, பொய்த் தகவல் முதலிய காரணங்களால் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் அக்குழு கொண்டுவந்த ‘கேர்’ (UGC-CARE) இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட, தராதரத்தை நிர்ணயிக்கும் பாரம் கல்வி நிறுவனங்களின் தலையிலும் உங்களைப் போன்றோரின் மனச்சாட்சியிலும் வந்து இறங்கியிருக்கிறது.

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்மணி நிறத்தோடு நில்லாமல் பருமனையும் பார்ப்பதுபோல, நீங்களும் வரும் கட்டுரைகளின் அலங்காரமான அட்டவணைகளைக் கடந்து உள்ளே பாருங்கள். கம்பமெட்டு மலைப்பாதை ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறதென்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் ஜீப் ஏறிவிட்ட தாயிடம் சம்மதம் கேட்டது எப்போது? ஆய்வு வினாப்பட்டியலை நிரப்பியது பிள்ளையா, பக்கத்தில் நின்ற வாத்தியாரா? இவ்விரண்டுக்கும் விடையில்லையேல், புள்ளிவிவரம் எத்தனை பக்கம் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

நிராகரிக்கும்போது மட்டும் காரணத்தை விஸ்தாரமாக, மரியாதையாக எழுதுங்கள். முதன்முதல் கட்டுரை எழுதிய கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு அக்கடிதமே ஆராய்ச்சியில் முதல் பாடமாகக்கூடும். உங்கள் சொந்த மாணவரின் கட்டுரை வந்தாலோ, பிரியத்தையும் பேனாவையும் சேர்த்து மூடிவைத்துவிட்டு வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.